நொய்யலின் பாடம் லாபு ஆற்றுக்கும் உண்டு

வெள்ளம் வந்தால் மழையைக் குறை சொல்கிறோம். குழாயில் தண்ணீர் நின்றால் வெயிலைக் குறை சொல்கிறோம். நிலம் மாறிக்கொண்டே வருவதை மட்டும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் லாபு ஆறு, லங்காட் ஆற்றின் கிளையாறு. இந்த வட்டாரத்தில் காடு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனை இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுகின்றன. மலேசிய விஷன் வேலி 2.0 திட்டம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் 153,411 ஹெக்டர் பரப்பை உள்ளடக்கியது. மாற்றம் இன்னும் வேகமாகும்.

மரமுள்ள மண் மழைநீரை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். மழையில்லாத வாரங்களிலும் ஆறு ஓடுவது இந்தச் சேமிப்பால்தான். தாரும் சிமெண்டும் மூடிய நிலத்தில் மழைநீர் வடிகால் வழியே உடனே ஆற்றில் விழுகிறது. மழை நாளில் வெள்ளம். வெயில் நாளில் வற்றிய ஆறு. வெட்டிய மேடுகளிலிருந்து இறங்கும் சேறு, மீன்கள் முட்டையிடும் ஆற்றடியையும் மூடிவிடுகிறது.

"நமக்குத்தான் ஆண்டு முழுதும் மழையாயிற்றே" என்று சிலர் சொல்லலாம். 2014 பிப்ரவரியில் நெகிரி செம்பிலான் நீர் நெருக்கடியை அறிவித்ததை மறந்துவிடக் கூடாது.

மழை குறைந்த நாட்டில் இந்தப் பாதிப்பு இன்னும் கடுமை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேர்வது நொய்யல். முன்னோர் அங்கே குளங்களை வெட்டி, வாய்க்கால்களால் ஆற்றோடு இணைத்து, கிடைத்த மழையைச் சேமித்தார்கள். நகரங்கள் வளர்ந்தன; கரையோரம் சாயப்பட்டறைகள் பெருகின. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. யாருக்காக அணை கட்டினார்களோ, அந்த விவசாயிகளே தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்றார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். முதலில் ஆறு போனது, பிறகு பிழைப்பும் போனது.

நான் மேம்பாட்டுக்கு எதிரியல்ல. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களுக்கு வீடும் வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால் கரையையாவது விட்டுவைக்கலாமே! நீர்ப்பாசன, வடிகால் துறையின் வழிகாட்டியே 5 முதல் 10 மீட்டர் அகலமுள்ள ஆற்றுக்கு இருபுறமும் 10 மீட்டர், 10 முதல் 20 மீட்டர் அகலத்துக்கு 20 மீட்டர் ஒதுக்கச் சொல்கிறது. அந்த ஒதுக்கு நிலத்தில் புல்லும் மரமும் நின்றால் சேறு தடுக்கப்படும். பறவைக்கும் மீனுக்கும் இடம் மிஞ்சும்.

மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். யாரும் ஆட்சேபம் எழுதித் தரலாம். அடுத்த முறை வரைவு வெளிவரும்போது, லாபு ஆற்றின் இரு கரையிலும் எத்தனை மீட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வரைபடத்தில் தேடிப் பாருங்கள். குறைவாக இருந்தால் எழுதிக் கேளுங்கள்.