கார் ஸ்டீரியோவுக்கும் ஒரு மெமோ

போன குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்பு அன்பர் ஒருவர், காரில் பிற்பாடு வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவுக்குப் புது ஃபர்ம்வேர் ஏற்றப் போனார். பாட்டும் போயிற்று, பின்பக்கக் காமிராவும் போயிற்று. திரையில் கம்பெனி முத்திரை வந்து நிற்கிறது. அதற்கு மேல் நகரவில்லை. விற்ற கடைக்காரர், "புதுசு வாங்கிக்கோங்க சாப்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். வேலை பாதியில் இருக்கும்போது, பாட்டரி இறங்கிவிடுமோ என்று பயந்து அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். நல்லெண்ணம்தான். ஆனால் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும் அந்த ஓரிரு விநாடி, பெரும்பாலான கார்களில் ஸ்டீரியோவுக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் இழுப்பில் 12 வோல்ட் பாட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கும். தில்லிக் குளிரில் பழைய பாட்டரி இன்னும் கீழே போகும். ஃபர்ம்வேர் ஏறும்போது பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனால் இரண்டும் இல்லை.

ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவன் நான். ஓடுகிற பாயிண்ட் மெஷினைத் தொடுமுன், என்ன வேலை என்று எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுப்போம். அவர் கையெழுத்திட்ட பிறகுதான் ஸ்பானரையே எடுப்போம். என்ன வேலை, எதற்காக என்ற கேள்வியை ஸ்டீரியோவுக்கும் கேட்கச் சொல்கிறேன். புது போனின் ப்ளூடூத் சேரவில்லை, ஆண்ட்ராய்டு ஆட்டோ அறுந்து அறுந்து போகிறது, அந்தக் குறையைத் திருத்தியிருப்பதாகத் தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார் என்றால் செய்யுங்கள். புதிது வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் வேண்டாம். பேரப்பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள், தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். சொல்லட்டும்.

செய்வதென்றால், எஞ்சினை முதலிலேயே ஓடவிட்டு, திறந்தவெளியில் நிறுத்திச் செய்யுங்கள். மூடிய கராஜில் புகை ஆளைக் கொல்லும். சிக்னலில் தானே அணையும் ஐடில் ஸ்டாப் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். முடியும்வரை சாவியையும் பென் டிரைவையும் யாரும் தொடக்கூடாது. பென் டிரைவை ஃபாட்32 முறையில் ஃபார்மட் செய்து, அந்தக் கோப்பை மட்டும் பெயர் மாற்றாமல் வைத்தால் பெரும்பாலான கருவிகள் ஏற்கும். ஆனாலும் தயாரிப்பாளரின் குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். ரேடியோ நிலையங்கள், காமிரா, ஸ்டீயரிங் பொத்தான் அமைப்புகள் அழிந்துபோகலாம். முன்கூட்டியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை மாடல் எண். சந்தையில் விற்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் பல, வெளியே ஒரே முகம், உள்ளே வெவ்வேறு பலகை. ஒன்றின் கோப்பை மற்றொன்றில் ஏற்றினால் தொடுதிரை வேலை செய்யாது. சில சமயம் கருவியே எழுந்திருக்காது. "எல்லாம் ஒண்ணுதான், சலேகா" என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். திரையில் சிஸ்டம் விவரப் பக்கத்திலுள்ள எண்ணும் கோப்பின் எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

ஐந்நூறு ரூபாய் மிக்சி ஜாருக்கே பில் கேட்டு வாங்குகிறோம். பல்லாயிரம் கொடுத்து வாங்கும் ஸ்டீரியோவுக்கு மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் எண்ணையும் பில்லில் எழுதித் தருவது விற்பவரின் கடமை என்பது என் கட்சி. வாங்கும்போதே கேளுங்கள். தரமாட்டேன் என்றால் பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கிறது.