பாட்டு பாதியில் அறுபடுகிறதா? பழியைப் பெட்டி மேல் போடாதீர்கள்!

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன், போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ராஸ்பெரி பை கம்ப்யூட்டர், அதன் யுஎஸ்பி துளையில் ஒரு சின்ன 'டாக்', கூடவே வீட்டில் கிடந்த பழைய ஸ்பீக்கர். காலையில் ஆகாசவாணி தர்மபுரி, மற்ற நேரத்தில் பழைய சினிமாப் பாட்டு.

'சாயங்காலம் ஆனால் போதும், பாட்டு விட்டு விட்டு வருகிறது. சில சமயம் கரகரவென்கிறது. "எதையாவது அமுக்கிட்டியாப்பா?" என்று மகன் போனில் கேட்கிறான். நான் ஒண்ணுமே தொடலைங்க. போர்டையே மாத்திடலாம் என்கிறான். மாற்றினால் சரியாகுமா?' இதுதான் அவர் கேள்வி.

ஐயா, நீங்கள் ஒன்றும் தொடவில்லை என்பதை நம்புகிறேன். பாட்டு விட்டு விட்டு வருவதற்கு, கேட்கிறவர் எதையாவது அமுக்கியது காரணமாக இருப்பது அபூர்வம். போர்டையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இந்தக் கோளாறு பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் இருக்காது. அதற்கு வரும் கரன்ட்டிலோ, வைஃபையிலோ இருக்கும். எதில் என்று கண்டுபிடிக்க ஒரு பென் டிரைவும், ஒரு நோட்டும், இரண்டு சாயங்காலமும் போதும்.

அது என்ன பெட்டி?

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ராஸ்பெரி பை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான குட்டிக் கம்ப்யூட்டர். பள்ளிப் பிள்ளைகள் புரோகிராமிங் கற்றுக்கொள்ள, கிரெடிட் கார்டு அளவில், குறைந்த விலையில் 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. வால்யூமியோ, மூட் ஆடியோ போன்ற இலவச மென்பொருட்களை மெமரி கார்டில் ஏற்றிச் செருகினால், இணைய ரேடியோவும் சேமித்த பாட்டும் பாடும் பெட்டியாகிவிடும். எண்களாக இருக்கும் பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற மின் அலையாக மாற்றுவது 'டாக்' வேலை.

முதலில் காதைக் கொடுங்கள்

'பாட்டு நின்றுவிட்டது' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எப்படி நின்றது என்று கவனியுங்கள்.

சில விநாடி மௌனமாகி, பிறகு பாட்டு ஒழுங்காகத் தொடர்ந்தால், சந்தேகம் வைஃபை மேல் அல்லது இணையத்தின் மேல்.

பாட்டு ஓடிக்கொண்டே கரகர, டிக் டிக் என்று கேட்டால், சந்தேகம் கரன்ட் மேல் அல்லது யுஎஸ்பி இணைப்பின் மேல்.

ஒரே பாட்டில் அதே இடத்தில் எப்போதும் தடுக்கினால், அந்தப் பாட்டின் ஃபைல் கெட்டிருக்கும். வேறு பிரதி போட்டால் தீர்ந்தது.

ஃப்ரிட்ஜோ தண்ணீர் மோட்டாரோ ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் 'டப்' என்று ஒரு சத்தம் வந்தால், வீட்டு ஒயரிங்கில் உண்டாகும் அதிர்ச்சி அது. பெட்டிக்கு வேறு பிளக் பாயின்ட் கொடுத்துப் பாருங்கள்.

பாலக்கோடு வாசகருக்கு மௌனமும் உண்டு, கரகரவும் உண்டு. அப்படியானால் காரணமும் இரண்டாக இருக்கலாம். ஒன்றைச் சரிசெய்துவிட்டு 'இன்னும் போகலையே' என்று சோர்ந்துவிடக் கூடாது.

ஊர் தண்ணீர் தொட்டி மாதிரி

தர்மபுரி மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில், காவிரித் தண்ணீர் ஆற்றிலிருந்து நேராக உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருவதில்லை. சுத்திகரித்து, பம்ப் செய்து, ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, அங்கிருந்துதான் தெருவுக்கு இறங்குகிறது. பம்ப் கொஞ்ச நேரம் நின்றாலும் தொட்டியில் இருக்கும்வரை குழாயில் தண்ணீர் வரும்.

பாட்டுப் பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு தொட்டி உண்டு. அதற்குப் பெயர் 'பஃபர்'. வைஃபையில் வரும் பாட்டு முதலில் இதில் நிரம்பும், பிறகு 'டாக்' பக்கம் போகும். வால்யூமியோ போன்றவற்றுக்குள் இருந்து பாட்டை ஓட்டும் எம்பிடி என்ற மென்பொருள், வழக்கமாக 4 மெகாபைட் அளவில் இந்தத் தொட்டியை வைத்திருக்கும். சிடி தரப் பாட்டுக்கு ஒரு விநாடிக்கு 1,76,400 பைட் வேண்டும். அந்தக் கணக்கில் தொட்டி சுமார் 23 விநாடி தாங்கும். 'ஹை ரெசல்யூஷன்' என்று விற்கும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டு என்றால் அதே தொட்டி சுமார் 3 விநாடியில் காலி. சாதாரணப் பாட்டு நன்றாகப் பாடி, உயர்தரப் பாட்டு மட்டும் அறுபட்டால் காரணம் இதுதான்.

செட்டிங்ஸில் பஃபர் அளவைக் கூட்டலாமா? கூட்டலாம். அவ்வப்போது சில விநாடி வைஃபை தடுமாறினால் அது உதவும். ஆனால் பம்ப் நாள் முழுக்கக் குறைவாகவே இறைத்தால், எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் ஒரு நேரத்தில் வற்றத்தான் செய்யும். அப்போது பம்பைத்தான் பார்க்க வேண்டும்.

பென் டிரைவ் சோதனை

பம்பில் கோளாறா, குழாயில் கோளாறா என்று பிரித்துப் பார்க்க ஒரே ஒரு சோதனை. இருபது முப்பது பாட்டை ஒரு பென் டிரைவில் போட்டுப் பெட்டியில் செருகுங்கள். பெட்டி அந்தப் பாட்டுகளைப் பட்டியல் எடுத்து முடிக்கும்வரை காத்திருங்கள். பட்டியல் எடுக்கும்போதே பாடவிட்டாலும் தடுக்கும். பிறகு எல்லாப் பாட்டையும் வரிசையில் சேர்த்து ஓடவிட்டு, வைஃபை ரூட்டரை அணைத்துவிடுங்கள். தொந்தரவு வரும் அதே சாயங்கால நேரத்தில் ஒரு மணி நேரம் கேளுங்கள்.

ஒரு தடவைகூட அறுபடவில்லையா? பெட்டி, கரன்ட், டாக், ஸ்பீக்கர் எல்லாம் நலம். கோளாறு வைஃபையிலோ இணையத்திலோ இருக்கிறது. ரூட்டர் அணைந்த பிறகும் கரகரக்கிறதா? வைஃபையை மறந்துவிடுங்கள். கரன்ட்டைப் பாருங்கள்.

லோ வோல்டேஜ் என்று ஈபி மேல் பழி

'சாயங்காலம் எங்க ஊர்ல லோ வோல்டேஜ்ங்க, அதான்' என்று பலரும் சொல்வார்கள். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். தெருவில் 180 வோல்ட் வந்தாலும் நல்ல அடாப்டர் ஒழுங்காக 5 வோல்ட் கொடுத்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி அடாப்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயர்தான்.

கணக்குப் பார்ப்போம். ராஸ்பெரி பைக்கு வரும் கரன்ட் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது 'பற்றவில்லை' என்று எச்சரிக்கும். மெல்லிசான, மலிவான யுஎஸ்பி ஒயரின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் இழுக்கும்போது அந்த ஒயரிலேயே 0.4 வோல்ட் போய்விடும். அடாப்டரில் புறப்பட்ட 5 வோல்ட், பெட்டிக்கு வந்து சேரும்போது 4.6. அவ்வளவுதான், பெட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யுஎஸ்பியில் தொங்கும் டாக் தடுமாறும். கரகர ஆரம்பிக்கும்.

'அதே ஒயரில் போன் நன்றாக சார்ஜ் ஆகிறதே?' ஆகும். போனுக்குள் பேட்டரி இருக்கிறது. கரன்ட் குறைந்தால் மெதுவாக சார்ஜ் ஆகும், யாருக்கும் தெரியாது. ராஸ்பெரி பைக்குப் பேட்டரி கிடையாது.

கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. ராஸ்பெரி பை 3, 4 மாடல்களில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பாட்டு ஓடும்போது அது விட்டு விட்டு அணைந்தால் கரன்ட் பற்றவில்லை என்று அர்த்தம். எச்டிஎம்ஐ ஒயரில் டிவியோடு இணைத்தால், மூலையில் மஞ்சள் மின்னல் குறி அல்லது குறைந்த மின்னழுத்த எச்சரிக்கை தெரியும்.

மருந்து, அந்த மாடலுக்கென்றே விற்கும் அடாப்டர். மாடல் 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். மாடல் 4-க்கு 3 ஆம்பியர். மாடல் 5-க்கு 5 ஆம்பியர். போனின் சார்ஜரில் 65 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 5 வோல்ட்டில் அது எத்தனை ஆம்பியர் தரும் என்ற வரிதான் முக்கியம். யுஎஸ்பியில் ஹார்ட் டிஸ்க்கும் தொங்கினால், அதற்குத் தனி அடாப்டர் கொடுத்துவிடுங்கள்.

வைஃபை என்றால்...

பென் டிரைவில் ஒழுங்காகப் பாடி, ரேடியோ மட்டும் அறுபட்டால், அடுத்த கேள்வி: வீட்டு வைஃபையா, வெளியிலிருந்து வரும் இணையமா? போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, அதே வைஃபையில் அதே ரேடியோவை, பெட்டி பக்கத்திலேயே வைத்து ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றாக நின்றால் இணையம் திணறுகிறது. போன் பாடி, பெட்டி மட்டும் நின்றால், பெட்டிக்கு வைஃபை எட்டவில்லை. ஒரே ஒரு ரேடியோ மட்டும் நின்று மற்றவை பாடினால், கோளாறு அந்த நிலையத்தின் பக்கம். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

சாயங்காலம் மட்டும் தொந்தரவு வருவதன் காரணமும் இங்கே இருக்கலாம். பகலில் அப்பா ஒருவர்தான் வீட்டில். ஆறு மணிக்கு மேல் பேரன் வீடியோ, மருமகள் சீரியல் என்று எல்லா போனும் அதே வைஃபையில். சிம் போட்ட ரூட்டர் என்றால் ஊரே அந்த ஒரு டவரில் தொங்கும் நேரமும் அதுதான். யாராவது ஒருவர் போனின் ஹாட்ஸ்பாட்டில் பெட்டி ஓடுகிறது என்றால், அவர் கடைக்குப் போகும்போது பாட்டும் கூடவே போய்விடும்!

பெட்டிக்கு வைஃபை எட்டவில்லை என்றால் முதலில் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பாதி ரூட்டர்கள் ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். இரும்புத் தகட்டைத் தாண்டி வைஃபை வராது. அதை வெளியே எடுத்து உயரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

மாடல் 3பி-யில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். 3பி பிளஸ், 4, 5 மாடல்களில் 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு. ரூட்டர் அதே அறையில் இருந்தால் 5-க்கு மாற்றுங்கள். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் 2.4 நல்லது. புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: ராஸ்பெரி பையில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பாட்டை வாங்கி புளூடூத்தில் அனுப்பினால், இரண்டும் ஒரே அலைவரிசையில் முறை வைத்துக்கொண்டுதான் பேசும். ஸ்பீக்கருக்கு ஒயர் போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியான வைத்தியம், ரூட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுவது. மாடல் 3 வரை லேன் துளையும் யுஎஸ்பி துளைகளும் உள்ளே ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும். 2019-ல் வந்த மாடல் 4-ல் பாதையைப் பிரித்துவிட்டார்கள். பழைய மாடல் வைத்திருப்பவர்கள், லேனும் யுஎஸ்பி டாக்கும் சேர்ந்து கரகரத்தால் இதை நினைவில் வையுங்கள்.

சூடும் கரன்ட் கட்டும்

பாட்டு பாடுவதால் மட்டும் ராஸ்பெரி பை அதிகம் சூடாகாது. ஆனால் சித்திரை வெயிலில், மூடிய டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸ் தலைமேல் வைத்தால்? 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'ஆரம்பத்தில் நல்லா பாடுது, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்' என்பவர்கள் பெட்டியை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள்.

கரன்ட் பொசுக்கென்று போனால் மெமரி கார்டு கெடலாம். தினமும் பிளக்கைப் பிடுங்கி அணைக்கும் பழக்கமும் அதே கெடுதலைச் செய்யும். செயலியில் இருக்கும் 'ஷட் டவுன்' பட்டனை அமுக்கி, பச்சை விளக்கு சிமிட்டி ஓய்ந்த பிறகு பிளக்கை எடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்று

கடைசியாக ஒரு விதி. அடாப்டர், ரூட்டர் இடம், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பாட்டு சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நோட்டில் தேதி, மணி, மௌனமா கரகரவா, அன்றைக்கு மாற்றிய ஒன்று, இவ்வளவு எழுதினால் போதும்.

இதை எழுதச் சரியான ஆள் பெங்களூரில் இருக்கும் மகன் அல்ல, பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் அப்பாதான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அடுத்த தடவை போன் செய்யும்போது 'என்னப்பா அமுக்கினே?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை மணிக்குப்பா நின்னுச்சு? சிவப்பு லைட் எரிஞ்சுதா?' என்று கேளுங்கள். பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.