எம்130: ஒரு கோடும் ஆயிரம் மூதாதையரும்

உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்று சொன்னால், "முதல் இந்தியர் இருக்கிற ஊர்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வம்சத்தைத் தேடுவதிலேயே ஆயுளைச் செலவிடும் மதுரைக்காரர்களிடம் இந்தப் பேச்சு தவறாமல் வரும். கண்டுபிடிப்பு உண்மைதான். அதன்மேல் ஒட்டிய பட்டம்தான் குழப்பம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு இந்த வட்டாரத்தில் இரத்த மாதிரிகள் சேகரித்தது. ஜோதிமாணிக்கத்துக்காரர் ஒருவரிடம் எம்130 என்ற மரபணு அடையாளம் தென்பட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அது உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் தடம் இது என்று மரபணு ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்ஸ் தம் நூலிலும் ஆவணப்படத்திலும் எடுத்துச் சொன்னார்.

எம்130 இருப்பது ஒய் குரோமோசோமில். அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். பத்துத் தலைமுறை மேலே போனால் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள். (அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் நம் ஊரில் ஒரே ஆள் பல இடங்களில் உட்கார்ந்திருப்பார், அது வேறு கதை.) ஒய் குரோமோசோம் காட்டுவது அவற்றில் ஒரே ஓர் இடத்தை. மற்ற 1,023 பற்றி அது வாய் திறக்காது. தவிர, இதே அடையாளம் மங்கோலியாவிலும் ஜப்பானிலும் கிடைக்கிறது. ஆகவே இது எந்தச் சாதியின் முத்திரையும் அல்ல. அதைச் சுமப்பவர் நம்மைவிடப் பழைய மனிதரும் அல்லர். எல்லா ஆண்வழிகளும் போய்ச் சேரும் ஆதித் தகப்பனிடமிருந்து நாம் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவரும் அவ்வளவு தூரம்தான்.

ஆண்வழியை மட்டும் பிடித்துக்கொள்ளும் பழக்கம் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியதல்ல. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கூடும் பங்காளிகளின் கணக்கும் அப்பன்வழிதான். பிறப்பை வைத்தே ஆட்களைக் குற்றவாளிகளாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஆங்கிலேய அரசு கைரேகை கேட்டதும் ஆண்களிடம்தான். அதைத் தர மறுத்த, இதே வட்டாரத்துப் பெருங்காமநல்லூர்க்காரர்கள் பலர் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மண்ணில் மறுபடி ஒருவர் உடம்பிலிருந்து அடையாளம் எடுத்துப் பெருமைப் பட்டம் கொடுத்தபோதும் பிறப்பை வைத்தே ஆளை அளந்தோம். எனக்கு அது உறுத்துகிறது.

அப்பன்வழிக் கணக்கில் விட்டுப்போன கிளைகளைத் தேட விரும்புகிறவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய மொய் நோட்டுகளைப் புரட்டலாம். பங்காளிப் பட்டியலில் வராத தாய்மாமன், சம்பந்தி, பாட்டி பிறந்த ஊர்க்காரர் எல்லாரும் அதில் ஊர்ப் பெயரோடு இருப்பார்கள். கரையான் அரிப்பதற்குள் படம் எடுத்து, யார் எந்த முறை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நல்லது. நோட்டில் முறை எழுதும் வழக்கம் பல வீடுகளில் இல்லை.