உளியைத் தீட்டுகிறோம், பிரேக்கைப் பார்க்கிறோமா?



பால்மரம் சீவப் போகிறவர் உளியைத் தீட்டாமல் கிளம்புவதில்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு அரிவாள் மழுங்கியிருந்தால் அன்றைய வேலையே ஓடாது. ஆனால் அந்த உளியையும் நம்மையும் சேர்த்துச் சுமந்து போகிற சைக்கிளை, வாரத்துக்கு ஒரு தடவையாவது குனிந்து பார்க்கிறவர் நம்மில் எத்தனை பேர்? "ஓடுதுல்ல, அது போதும்" என்கிறோம். ஓடுகிறது சரி, நிற்கிறதா?

சுகாதாரப் பக்கத்தில் சைக்கிள் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இப்போது வீட்டுக்கு வீடு மோட்டார் வந்துவிட்டது, உண்மைதான். இருந்தாலும் தீம்பாருக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, கடைக்குப் போய் வர, இன்னும் பல லயங்களில் சைக்கிள்தான் கைகொடுக்கிறது. உடம்புக்கும் அது நல்லது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் அது அதிகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. போக 20 நிமிடம், வர 20 நிமிடம் என்று ஆறு நாள் சைக்கிள் மிதித்தால் 240 நிமிடம் ஆகிவிடுகிறது. சம்பளம் வாங்கப் போகிற வழியிலேயே மருந்தும் கிடைக்கிற மாதிரி! சீனி வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் மிதிக்க வேண்டாம். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். தலை சுற்றி, வியர்த்து, கை நடுங்கினால் உடனே இறங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே சைக்கிளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் செலவழிக்கிற காசை எதற்கு முதலில் செலவழிக்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு. மணி, கண்ணாடி, கலர் டயர், கைப்பிடியில் தொங்கும் குஞ்சம் இதற்கெல்லாம் வெள்ளி இருக்கிறது. நாலு பிரேக் கட்டை மாற்றச் சொன்னால் "அடுத்த சம்பளத்துக்குப் பார்ப்போம் அண்ணே" என்கிறார்கள். அடுத்த சம்பளத்துக்கு முன்னால் மழை வந்துவிடுமே!

மழையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பழைய சைக்கிள்களிலும், மலிவாகக் கிடைக்கும் புதுச் சைக்கிள்கள் பலவற்றிலும் சக்கர வளையம் இரும்பில் செய்து பளபளவென்று முலாம் பூசியது. வெயிலில் அது நன்றாகவே நிற்கும். நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை வளையத்தைப் பிடிக்காமல் வழுக்கும். காய்ந்த ரோட்டில் நிற்கிற தூரத்தைப் போலப் பல மடங்கு ஓடித்தான் நிற்கும். அலுமினிய வளையத்தில் இந்தக் கோளாறு மிகவும் குறைவு. எது எந்த வளையம் என்று தெரியவில்லையா? ஒரு சிறு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். புதுச் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறவர் இந்த ஒரு சோதனையைச் செய்தால், கடைக்காரர் பேசுகிற பேச்சில் பாதி தேவைப்படாது. பழைய சைக்கிளுக்கும் அலுமினிய வளையம் மாற்றிக் கட்டலாம். அதற்கு வசதி இல்லையென்றால், மழையில் இறக்கம் வருவதற்கு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்து வளையத்துத் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். செங்குத்தான இறக்கத்தில், பின்னால் கட்டிப்பால் மூட்டையோடு வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிரேக் கட்டையில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் தேய்ந்து மறைந்துவிட்டால் கட்டை முடிந்தது என்று அர்த்தம். பள்ளம் இருந்தும் பிடிக்கவில்லையென்றால், வெயிலில் காய்ந்து ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். மேல்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள், அப்போதும் சரிப்படாவிட்டால் மாற்றிவிடுங்கள். கட்டை வளையத்தைத்தான் தொட வேண்டும், டயரைத் தொடக்கூடாது. டயரில் உரசினால் ஒரு நாள் டயர் அறுந்து வெடிக்கும். பிரேக் பிடியை முழுக்க அழுத்தினாலும் பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது இருக்க வேண்டும். பிடிக்குள்ளே கம்பி முடிகிற இடத்தில் ஓரிரு நரம்பு பிரிந்து நின்றால் அந்தக் கம்பிக்கு நாள் எண்ணப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துடுவோம்" என்று பயந்து முன் பிரேக்கைக் கழற்றியே வைத்துவிடுகிறோம். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். நிறுத்தும்போது பாரம் முன் சக்கரத்துக்குச் சாய்கிறது, பின் சக்கரம் இலேசாகிச் சறுக்குகிறது. ஆகையால் இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று இல்லாமல் படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிற வீரத்தைச் சிலிப்பர் மன்னிக்கலாம், கணுக்கால் மன்னிக்காது.

பிரேக்கே இல்லாத சைக்கிளைப் பற்றிப் பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி, ஜொகூர் பாருவில் விடியற்காலை மூன்று மணிவாக்கில் 'பாசிக்கல் லாஜாக்' ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் கூட்டத்தில் கார் ஒன்று மோதி 8 பேர் இறந்தார்கள். எல்லாரும் பதின்ம வயதுப் பிள்ளைகள். பிரேக்கைக் கழற்றி, உட்காரும் பலகையைத் தாழ்த்தி, படுத்துக்கொண்டு ஓட்டுவதற்கென்றே மாற்றிய சைக்கிள்தான் லாஜாக். மகனோ மகளோ சைக்கிளில் எதையாவது கழற்றினால், "என்னடா கழட்டுறே?" என்று கேட்பது தாய் தகப்பன் கடமை. அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. விளையாட இடமில்லாத பிள்ளை ரோட்டுக்குத்தான் போகும். ஆனால் பிரேக் இல்லாத சைக்கிள் எந்தப் பக்கம் போனாலும் ஆபத்துதான்.

அடுத்தது, தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டியது. பின் கேரியரில் சின்னப் பிள்ளையை உட்கார வைத்து, "அம்மாவைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகிறோம். பிள்ளை கையால் பிடித்துக்கொள்ளும், ஆனால் கால் தொங்குகிறது. தூங்கி விழுந்தாலோ விளையாட்டாக ஆட்டினாலோ குதிகால் ஸ்போக் கம்பிக்குள் போய்விடுகிறது. சக்கரம் சுழன்று, காலைக் கம்பிக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே நசுக்குகிறது. பார்வைக்குச் சிராய்ப்பு மாதிரி சின்னதாகத்தான் தெரியும். இரண்டொரு நாளில் வீங்கி, நசுங்கிய தோல் கறுத்துச் செத்துப்போகும். உள்ளே எலும்பும் முறிந்திருக்கலாம், அதுவும் வளர்கிற எலும்பு.

அப்படி நடந்தால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். சக்கரத்தை மெதுவாகப் பின்பக்கம் சுழற்றி, தேவையானால் சப்பாத்தை வெட்டிவிட்டுக் காலை எடுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, காயம் சின்னதோ பெரியதோ அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று டாக்டர் சொல்லட்டும். கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதையும் அப்ப வேண்டாம். அம்மாச்சி வைத்தியத்துக்கு வேறு இடம் உண்டு, இது அதற்கான இடம் அல்ல.

வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். கால் வைக்கப் பலகையும், இடுப்பில் வாரும், பக்கத்தில் மறைப்பும் உள்ள பிள்ளை நாற்காலி சைக்கிள் கடையில் கிடைக்கும். முடியாதவர்கள் பின் சக்கரத்தின் இரு பக்கத்திலும் கெட்டியான பிளாஸ்டிக் வலையை இறுக்கிக் கட்டி, கால் வைக்க ஒரு கட்டை பொருத்துங்கள். அந்த வலை கைலியையும் சேலை முந்தானையையும் காப்பாற்றும். செயின் மூடி இல்லாமல் விற்கிற சைக்கிள் பார்க்க அழகுதான், பாவாடையோடு மிதிக்கிற பெண்ணுக்கு அது ஆகாது.

விளக்கைப் பற்றி நீட்ட வேண்டாம். மரம் சீவப் போகிறவர் நெற்றியில் விளக்கு இருக்கிறது, அது முன்னால் இருக்கிற மரத்தைக் காட்டுகிறது. பின்னால் வருகிற லோரிக்காரருக்கு யார் காட்டுவது? டயரில் உரசும் டைனமோ மழையில் வழுக்கும், வண்டி நின்றால் அணைந்துவிடும். கைப்பேசி மாதிரி மின்னேற்றிக்கொள்ளும் சிறு சிவப்பு விளக்கு இப்போது மலிவு. அதோடு சிவப்பு ரிஃப்ளெக்டரும், வெளிர் நிறச் சட்டையும் போதும். செம்பனை வெட்டுகிறவர்கள் நீளக் கோலைச் சைக்கிளில் கட்டிப் போகும்போது அரிவாள் முனைக்கு உறை போடாமல் போகவே கூடாது.

முட்டி வலியா? "வாயு புடிச்சிருக்கு" என்று எல்லாப் பழியையும் வாயுவின் தலையில் போடுகிறோம். உட்காரும் இடத்தை முதலில் பாருங்கள். இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்தால் முட்டி மடங்கிய மடக்கிலேயே மிதிக்கிறது. மிதிகட்டை அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த அளவுக்குச் சீட்டை உயர்த்தி, முன்பாதத்தால் மிதியுங்கள். நிற்கும்போது நுனிக்கால் ஊன்றினால் போதும். டயரில் காற்று குறைந்தாலும் முட்டிக்குத்தான் வேலை. டயரின் பக்கத்திலேயே காற்றின் அளவு அச்சிட்டிருக்கும். செம்மண் பாதைக்கு ஒல்லி டயரை வாங்காதீர்கள். கியர் கேட்கிற இளைஞர்களுக்கு: மேடு அதிகமுள்ள தோட்டமானால் சரி, சமநிலமானால் அந்தக் காசில் தலைக்கவசம் வாங்குங்கள்.

நம் சைக்கிளை நாம் சரி பார்ப்பது ஒரு பக்கம். தோட்டத்து ரோடு யாருடையது? குழி விழுந்த பாலம், வளைவில் பறக்கும் குலை லோரி, இதற்கெல்லாம் பிரேக் கட்டை மருந்தாகாது. வேலையிடத்துக்குப் போகிற வழியும் வருகிற வழியும் ஆபத்தில்லாமல் இருக்க, தம் பொறுப்பிலுள்ள இடத்தில் முதலாளி ஆவன செய்ய வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே குழியைக் கண்டால் லயத்து வாசலில் புலம்பாமல், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதித் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும், எழுதிக் கொடுத்ததற்கு நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும் என்று நாம் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கிற விபத்துக்கு 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் உரிமை உண்டு. சைக்கிளில் விழுந்தாலும் உண்டு. சொந்தக் காரியமாக வேறு பக்கம் திரும்பிப் போயிருந்தால் கிடைக்காது. நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் இந்த விபத்துப் பாதுகாப்பு இருக்கிறது, அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "சும்மா சிராய்ப்புதானே" என்று நாலு நாள் கழித்துப் போகிறவர்தான் கஷ்டப்படுகிறார். விழுந்த அன்றே கிளினிக்குக்குப் போங்கள். மண்ணில் பட்ட காயமென்றால் இசிவுநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். "வேலைக்குப் போகும் வழியில், இத்தனை மணிக்கு, இந்த இடத்தில்" என்று டாக்டரிடம் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லி, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.