அரிய பறவையா? சொல்லுங்கள், ஆனால் யாரிடம்?

ஜாவா மைனாவை அரிய பறவை என்று சொன்னால் சிங்கப்பூரில் எவரும் சிரிப்பார்கள். உணவங்காடி நிலையத்தில் நாம் தட்டை விட்டு எழுவதற்குள் மேசைமேல் வந்து நிற்கும் அந்தக் கறுப்புப் பறவை, தன் சொந்த ஊரான ஜாவாவில் அருகி வருகிறது. கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே அங்கு அதன் எண்ணிக்கை குறைந்துபோனது. செந்தோசாவில் பறக்கும் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூவின் கதையும் அப்படித்தான். இந்தோனீசியாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. இங்கிருப்பவையோ கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை. ஆக, ஒரு பறவை 'அரியதா' என்பதற்கு அதன் பெயர் மட்டும் பதில் சொல்லிவிடாது. எங்கே, எந்த மாதத்தில், எப்படி வந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் பதில்.

அண்மைக் காலமாகப் பறவை பார்க்கத் தொடங்கும் மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். கையில் ஒரு தொலைநோக்கி, கைத்தொலைபேசியில் ஒரு செயலி, பிறகு குழு உரையாடல். செப்டம்பரில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கியதும் அந்தக் குழுக்களில் ஒரு பழைய வாக்குவாதமும் வந்துசேரும். முந்தைய நாள்தான் தொடங்கியவர், "அரிய கழுகு ஒன்றைப் பார்த்தேன்" என்று எழுதலாமா, கூடாதா? அனுபவசாலிகளில் சிலர், "முதலில் சாதாரணப் பறவைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். புதியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். "நான் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?" என்று தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்.

என் கருத்து இதுதான்: பதிவு செய்யுங்கள். ஆனால் பதிவு செய்வதும் பரப்புவதும் ஒன்றல்ல. இந்த வாக்குவாதம் முடியாமல் இழுப்பதற்குக் காரணமே, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான்.

முதலில் அனுபவசாலிகளின் கவலையைப் பார்ப்போம். அது வெறும் கர்வம் அல்ல. அதில் கணக்கு இருக்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் வானத்தில் தேன் பருந்துகள் கடந்துபோகும். ஒரே இனம்தான் என்றாலும் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. வெளுத்தது, கறுத்தது, வரி போட்டது எனப் பல வேடம். அவற்றில் சில, குடுமிக் கழுகு வகைகளைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றும். ஒரு பேச்சுக்கு, புதியவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பருவத்தில் தேன் பருந்துகளை 1,000 முறை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு முறைதான் தவறுகிறார்கள். தொடங்கியவர்களுக்கு அது மிக நல்ல தேர்ச்சி. அப்படியும் பத்து 'அரிய கழுகுகள்' பிறந்துவிடும். உண்மையான அரிய கழுகு அதே பருவத்தில் ஒருமுறை வந்து, அதுவும் சரியாகவே அடையாளம் காணப்படுகிறது என்போம். மொத்தம் பதினொரு செய்திகள், அவற்றில் பத்து தவறு. அந்தப் பத்துப் பேரும் கவனமில்லாதவர்கள் அல்லர். அரியது அரிதாகவே வருகிறது என்பதன் விளைவு அது. கணிதப் பாடத்தில் நிகழ்தகவு படிக்கும்போது இந்த எடுத்துக்காட்டையும் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனை முடிவுகளை விளக்குவதற்கும் இதே கணக்குத்தான்.

சுங்கை பூலோவில் வேறொரு சிக்கல். அங்கே சதுப்புநிலத்தில் வெள்ளை நாரை ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டு, உலகளவில் அருகிவரும் பால் நாரை என்று எழுதத் தோன்றும். ஆனால் விலங்குத் தோட்டத்திலிருந்து வெளியேறித் தாராளமாகத் திரியும் மஞ்சள் மூக்கு நாரைகளோடு கலந்து பிறந்த கலப்பினங்களும் இங்குண்டு. இறக்கையில் ஒரு ரோஜாச் சாயல், மார்பில் மங்கலாக ஒரு பட்டை. அனுபவசாலிகளே நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய பறவை அது.

அப்படியானால் புதியவர்கள் பேசாமல் இருப்பதுதான் நல்லதா? அங்கேதான் நான் முரண்படுகிறேன். தவறான பதிவைப் பின்னால் திருத்தலாம், நீக்கலாம். எழுதப்படாத பதிவை என்ன செய்ய முடியும்? சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோன இருவாட்சிப் பறவை, 1994இல் புலாவ் உபினில் ஓர் இணையாகத் தென்பட்டது. இன்று சாங்கியிலும் பாசிர் ரிஸ்ஸிலும் அதைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. ஆனால் திரும்பி வந்த கதையை ஆண்டோடு நம்மால் சொல்ல முடிகிறது என்றால், பார்த்ததை அன்றைக்கே பதிந்துவைத்தார்கள் என்பதுதான் காரணம்.

புதியவர்கள் இருக்கும் இடங்களில் அனுபவசாலிகள் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் வலசைபோகும் பறவைகள் கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழுகின்றன. நீலச் சிறகு பிட்டா அப்படி அடிக்கடி அடிபடும் பறவைகளில் ஒன்று. அதன் இந்திய உறவுப் பறவையைத் தமிழ்நாட்டில் ஆறுமணிக் குருவி என்பார்கள்; அழகான பெயர். விடியற்காலையில் பள்ளிக்குப் போகும் வழியில், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் அது கிடப்பதைப் பார்ப்பவர் ஆய்வாளராக இருக்கப்போவதில்லை, மாணவராகத்தான் இருப்பார். ஒரு படம், இடம், நேரம். எந்தக் கட்டடம், எந்த மாதம் என்ற விவரம் அப்படித்தான் சேர்கிறது.

சரி, தவறு நேர்ந்தால் அவமானம்தானே? உண்மையில், ஒழுங்கான பதிவு முறைகள் தவறுக்கு இடம்வைத்தே அமைக்கப்பட்டவை. கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்ட் தளம் 2002இலிருந்து இயங்குகிறது. ஓர் இடத்தில், ஒரு மாதத்தில் எதிர்பார்க்காத பறவையை நீங்கள் குறிப்பிட்டால், தளம் உடனே விவரம் கேட்கும். பிறகு இந்த வட்டாரத்தை அறிந்த தொண்டூழியர் ஒருவர் அதைச் சரிபார்ப்பார். அவர் உறுதிசெய்யாவிட்டால் உங்கள் சொந்தப் பட்டியலில் அது இருக்கும். பொதுத் தரவில் சேராது. அவ்வளவுதான். பெயரைச் சுவரில் எழுதி ஒட்டமாட்டார்கள். புதியவர்களை மிரட்டி விரட்டுபவர்கள், ஏற்கெனவே ஒரு சல்லடை இருப்பதை மறந்துவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சல்லடையில் போடுவதற்கு ஏதாவது வேண்டும். "அரிய கழுகு, நிச்சயம்" என்பதில் சரிபார்க்க ஒன்றுமில்லை. "காக்கையைவிடப் பெரியது, வால் அடியில் இரண்டு கரும்பட்டைகள், எதிர்வெயிலில் பத்து விநாடி பார்த்தேன்" என்பதில் இருக்கிறது. கையேட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு கண் பார்க்காததையெல்லாம் மனம் சேர்த்துக்கொள்ளும். மங்கலான படமும் படம்தான்.

மெர்லின் செயலி பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021இல் வந்தது. நானும் பயன்படுத்துகிறேன், காதைப் பழக்க அது நல்ல துணை. ஆனால் அது தருவது ஊகம், சாட்சியம் அல்ல. நம் காடுகளில் இருக்கும் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிப் பாடும். செயலி ஒரு பெயரைக் காட்டியதும் திரைக்குப் பதிலாக மரத்தைப் பாருங்கள். பறவை தெரியவில்லை என்றால் ஒலிப்பதிவைச் சேமித்து, "குரல் மட்டும்" என்று எழுதுங்கள்.

இதுவரை சொன்னது பதிவு செய்வதைப் பற்றி. பரப்புவது வேறு விவகாரம். அங்கே நான் அனுபவசாலிகளைவிடக் கண்டிப்பானவன்.

மலாயில் 'பாராவ் பாராவ்' எனப்படும் வைக்கோல் நிறத் தலைகொண்ட புல்புல் இனிமையாகப் பாடும். அந்தக் குரலே அதற்கு எமன். கூண்டுப் பறவைச் சந்தைக்காகப் பிடிக்கப்பட்டு, தாய்லாந்திலும் ஜாவாவிலும் அது அற்றுப்போனது. உலகில் எஞ்சியிருப்பவற்றில் கணிசமான பங்கு இன்று சிங்கப்பூரில் இருக்கிறது. 2001 முதல் 2016 வரை தொண்டூழியர்கள் ஆண்டுதோறும் எடுத்த கணக்கெடுப்பைக் கொண்டுதான் புலாவ் உபினில் அதன் எண்ணிக்கை கூடிவந்தது தெரிந்தது. அதே பறவையின் இருப்பிடத்தை வரைபடக் குறியோடு நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுவில் போட்டால், அதைப் படிப்பவர்களில் பொறி வைப்பவர் எவரும் இல்லை என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? ஒரே கண்டறிதல், போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்து அது பாதுகாப்பு, அல்லது ஆபத்து.

மலேசியக் காடுகளின் தலைக்கவச இருவாட்சிக்கும் இதே நிலைதான். அலகின் மேலுள்ள திடமான கொம்புக்காக வேட்டையாடப்பட்டு, 2015இல் மிகக் கடுமையாக அருகிய இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிய இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் பெரிய சதுரத்துக்குள் மறைத்துவிடும். நம் குழு உரையாடலில் அந்த ஏற்பாடு கிடையாது. படத்தின் பின்னணியில் புளோக் எண் தெரிந்தாலே போதும்.

திருடர்கள் மட்டுமல்ல, ரசிகர்களும் தொல்லைதான். கூடு கட்டிய ஆந்தையைச் சுற்றி முக்காலிகள் வட்டமாக நின்றால் தாய்ப்பறவை எப்படி இரையோடு வந்திறங்கும்? நல்ல படத்துக்காகப் புழுவைப் போட்டு இழுப்பவர்களும் உண்டு. இங்கே வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றி உணவூட்டினால், முதல்முறைக் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

எல்லாவற்றையும் மூடிமறைக்கச் சொல்லவில்லை. 2021 டிசம்பர் இறுதியில் இமயமலைக் கழுகுகளோடு சேர்ந்து ஒரு கரும்பாறு இங்கு வந்தது. சிங்கப்பூரில் அதுவே முதல்முறை. பசியாலும் களைப்பாலும் தரையிறங்கிய அதை மீட்டு, ஜூரோங் பறவைப் பூங்காவில் பராமரித்து, அடுத்த மாதம் பறக்கவிட்டார்கள். அவ்வளவு பெரிய பறவை தடுமாறும்போது பலருக்கும் தெரிவதே அதற்கு நல்லது. உயரத்தில் கடந்துபோகும் கழுகைப் பற்றித் தாராளமாகக் கூவுங்கள்; அதை யாராலும் தொட முடியாது. கூடு, குஞ்சு, ஆந்தை, விலைபோகும் பாட்டுப் பறவை என்றால் தளத்தில் பதியுங்கள், குழுவில் வேண்டாம். காயம்பட்டிருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள்.

அந்தத் தொடக்கக் கல்லூரி மாணவிக்கும் இதைத்தான் சொன்னேன். பதிந்த சில நாளில் சரிபார்ப்பவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரலாம், "வாலின் நுனி என்ன நிறம்?" என்று. கவனிக்கவில்லை என்றால், "கவனிக்கவில்லை" என்றே பதில் எழுதலாம். அவருக்கு அதுவும் பயன்படும் தகவல்தான்.