பாதாளச் சாக்கடையும் அவசரக் கணக்கும்

2016 டிசம்பர் 24, கிறிஸ்துமசுக்கு முதல் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு வடக்கே இருக்கும் ஃப்ரேசர் என்ற சிறு நகரத்தில் விடிந்தும் விடியாமலும் வீட்டுச் சுவர்கள் விரிசல் விடத் தொடங்கின. தெருவுக்குக் கீழே சுமார் 60 அடி ஆழத்தில் போகும் சாக்கடையின் பிரதானக் குழாய் உடைந்து, மேலே இருந்த மண் அதற்குள் சரிந்துகொண்டிருந்தது. 22 வீடுகளில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சில வீடுகளில் மறுபடி குடியேறவே முடியவில்லை.

குழாய் என்றதும் நம் வீட்டுக் குழாயை நினைத்துவிடக் கூடாது. இதன் விட்டம் 11 அடி. ஒரு யானை நிமிர்ந்து நடந்து போகலாம்! சுமார் 5 லட்சம் பேரின் கழிவுநீர் இதன் வழியாகத்தான் போகிறது. அதை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்க முடியாது. குழாய் உடைந்துவிட்டது, இரண்டு நாள் யாரும் கழிவறைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல முடியுமா என்ன? அதனால் முதலில் தற்காலிகக் குழாய்களும் பம்புகளும் வைத்துக் கழிவுநீரைச் சுற்றிவிட்டார்கள். அதன் பிறகே பள்ளம் தோண்டிப் புதுக் குழாய் பதிக்கும் வேலை தொடங்கியது. மேலே இருந்த சாலை கிட்டத்தட்ட ஓர் ஆண்டு மூடிக் கிடந்தது. செலவு சுமார் 7.5 கோடி டாலர்.

இரவு பகலாக வேலை பார்த்த தொழிலாளர்களையும் பொறியாளர்களையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பாராட்டோடு விஷயத்தை முடித்துவிடுவதுதான் தப்பு. ஏனென்றால் இதே குழாய் 2004 ஆகஸ்டிலும் இதே சாலையில், பக்கத்து நகரமான ஸ்டெர்லிங் ஹைட்ஸில் உடைந்திருக்கிறது. அப்போது குழாய் டெட்ராய்ட் மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தது.

அந்த 2004 பழுதுபார்ப்பில் என்ன நடந்தது என்பதைப் பிறகு நீதிமன்றத்தில்தான் மக்கள் தெரிந்துகொண்டார்கள். வேலையை எடுத்த நிறுவனம், மேயர் க்வாமி கில்பாட்ரிக்கின் நண்பரான ஒப்பந்தக்காரருக்கும் பங்கு கொடுக்க நிர்ப்பந்திக்கப்பட்டது. அதற்கு ஒத்துக்கொள்ளும் வரை ஒப்பந்தத் தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. இது உட்படப் பல குற்றங்களுக்காக 2013-ல் கில்பாட்ரிக்குக்கு 28 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. (2021-ல் அதிபர் டிரம்ப் தண்டனையைக் குறைக்க, அவர் வெளியே வந்துவிட்டார். அது வேறு கதை.)

'அவசரம்' என்ற சொல்லுக்கு இருக்கும் சக்தி இதுதான். சாதாரண நாளில் ஒரு மேஜை வாங்கவே மூன்று பேரிடம் விலை கேட்கும் அலுவலகம், தெருவில் பள்ளம் விழுந்துவிட்டால் டெண்டர் இல்லாமலே கோடிகளுக்குக் கையெழுத்துப் போடும். போடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. அந்த வேறு வழியில்லாத நேரத்துக்காகவே காத்திருப்பவர்களும் உண்டு.

ஆனால் சாக்கடைக் குழாய் சொல்லாமல் கொள்ளாமல் உடைவதில்லை. கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, குழாயின் மேற்பகுதியில் இருக்கும் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டை அரிக்கும். விரிசல் வழியாக நிலத்தடி நீர் மண்ணையும் கூட்டிக்கொண்டு உள்ளே வரும். வெளியே கொஞ்சம் கொஞ்சமாகப் பொந்து உண்டாகும். இதற்கெல்லாம் வருடங்கள் ஆகும். கேமராவை உள்ளே அனுப்பிப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் கேமரா விட்டுப் பார்த்ததற்காக எந்தத் தலைவருக்கும் ஓட்டு விழாது. பள்ளத்தின் விளிம்பில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றால் படம் வரும்!

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவசர வேலைக்கான ஒப்பந்தக்காரர்களையும் கூலி, இயந்திர வாடகை விகிதங்களையும் அமைதியான காலத்திலேயே டெண்டர் விட்டு முடிவு செய்து வைக்கலாம். குழாய் உடைந்த அன்று ஒரு போன் போட்டால் போதும், பேரம் பேசும் கட்டாயமே இருக்காது. வேலை முடிந்ததும் கணக்கை ஊரார் பார்க்க வெளியிடவும் வேண்டும். ஏனென்றால் ஃப்ரேசரில் ஆன செலவுக்கு வாங்கிய கடனை, அந்தக் குழாயைப் பயன்படுத்தும் 11 ஊர்களின் மக்கள்தான் சாக்கடைக் கட்டணத்தோடு சேர்த்துப் பல ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டியிருக்கிறது.