மோப்பம் நாய்க்கு, பாடம் மனிதனுக்கு!

மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா? நாய்க்கு மோப்பம் பிடிக்க ஒரு போட்டியா? இப்படிக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பதற்கு முன் அந்தப் போட்டியில் சோதிக்கப்படுவது யார் என்று அவர்கள் பார்ப்பது நல்லது!

1884-ல் தோன்றிய அமெரிக்கன் கென்னல் கிளப், 2017 அக்டோபரில் 'சென்ட் வொர்க்' என்னும் மோப்பத் தேடல் போட்டியைத் தொடங்கியது. பிர்ச், அனிஸ், கிராம்பு, சைப்ரஸ் ஆகிய எண்ணெய்களின் வாசனை ஏற்றிய பஞ்சுக் குச்சிகளை ஒளித்து வைப்பார்கள். தொடக்க நிலையான 'நோவிஸ்' பிரிவின் பெட்டித் தேடலில் 10 பெட்டிகள், அதில் ஒன்றில் மட்டும் பிர்ச் வாசனை. நேரம் 2 நிமிடம். நாய் கண்டுபிடித்துவிட்டது என்று தோன்றினால் உடன் வருபவர் "அலர்ட்" என்று சொல்ல வேண்டும். சரியா தவறா என்பதை நடுவர் உடனே சொல்லிவிடுவார்.

நாயின் மூக்கில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் மீது தான். 2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 18 தொழில்முறை மோப்ப நாய்களை அவற்றின் பயிற்றுநர்களோடு சோதித்தார்கள். தேடும் இடத்தில் வாசனை இருக்கலாம், சில இடங்களில் சிவப்புத் தாள் அதைக் காட்டும் என்று பயிற்றுநர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எங்குமே எதுவும் இல்லை! 144 தேடல்களில் தவறான அறிவிப்பு இல்லாமல் முடிந்தவை 21 மட்டுமே. நாயை இழுக்க வைத்த இறைச்சியை விட, மனிதன் கண்ணில் பட்ட தாளுக்குத் தான் அதிக அறிவிப்புகள் வந்தன.

இது விளையாட்டோடு முடிகிற விஷயமல்ல. முறையான சோதனையில் தேறி சான்றிதழ் பெற்ற நாய் என்றால், எதிர்ச் சான்று இல்லாத வரை, அதன் அறிவிப்பே ஒருவரின் வாகனத்தைச் சோதனையிடப் போதும் என்று 2013-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஃப்ளோரிடா எதிர் ஹாரிஸ் வழக்கில் சொன்னது. அப்படியானால் அந்தச் சோதனை எவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டும்?

அதனால் தான் இந்தப் போட்டிப் பிரிவுகள் வரவேற்கத்தக்கவை. ஒளித்த இடம் தெரியாத மனிதன், நாயை நம்பியே ஆக வேண்டும். ஆனால் ஒரு குறை. நோவிஸில் "ஒன்று நிச்சயம் இருக்கிறது" என்று முன்பே தெரியும். இருக்கிறது என்ற அந்த நம்பிக்கை தானே டேவிஸில் 18 பேரையும் சோதித்தது? எதுவுமே ஒளிக்காத வெற்று அறை ஒன்று தொடக்க நிலையிலேயே இருக்க வேண்டும்.

புதியவர்கள் மனம் தளர்ந்து விடுவார்கள் என்பார்கள். தளரட்டுமே! பொழுதுபோக்குக்காக வந்தவருக்கு அங்கே தோற்றால் போவது ஒரு ரிப்பன். அதே தவறு சாலையோரத்தில் நடந்தால் அலைக்கழிக்கப்படுவது ஒரு நிரபராதி.

"இங்கே எதுவும் இல்லை" என்று சொல்லத் துணிவதும் ஒரு திறமை. அதற்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள்.